உங்கள் லைசென்ஸ் என்றைக்கு முடிகிறது?

கேள்வி: ‘‘எனக்கு 50 வயது. டிராக்டர், கார் ஓட்ட லைசென்ஸ் வைத்திருக்கிறேன். சம்பா அறுவடை முடிந்த பிறகு கையில் வேலை இல்லை. சரக்கு வேன் ஓட்டும் வேலை கேட்டுப் போனேன். ‘லைசென்ஸ் முடிந்து 10 மாதம் ஆகிறது’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 20 வருஷத்துக்குத்தானே கொடுக்கிறார்கள்? நான் எடுத்து 17 வருஷம்தான் ஆகிறது. ‘பேட்ஜ்’ வேறு கேட்டார்கள். போன மாதம் நெல் மூட்டையோடு கொள்முதல் நிலையத்தில் பின்னால் எடுத்தபோது, டிரெய்லர் ஒரு பைக்கில் இடித்து, 4,000 ரூபாய் கொடுத்து முடித்தேன். நான் என்ன செய்ய வேண்டும்?’’

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மன்னார்குடி.

பதில்: அந்த பைக்கில் ஆள் இல்லாமல் போனது உங்கள் நல்ல நேரம் ஐயா. ஆளுக்கு அடிபட்டிருந்தால் 4,000 ரூபாயில் முடிந்திருக்காது. லைசென்ஸ் காலாவதியான நிலையில் விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள கோர்ட் அனுமதிக்கலாம். நிலத்தை விற்றுக் கட்டும் நிலைகூட வரும்.

உங்கள் கணக்கு தவறியது இங்கேதான். 2019 சட்டத் திருத்தத்துக்கு முன் எடுத்த சாதாரண லைசென்ஸ், 20 ஆண்டு அல்லது 50 வயது, இதில் எது முன்னால் வருகிறதோ அதுவரைதான் செல்லும். 33 வயதில் எடுத்த உங்களுக்கு 17 ஆண்டிலேயே முடிந்துவிட்டது. யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள். நாமும் பர்ஸில் செருகியதோடு மறந்துவிடுகிறோம்.

முடிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் புதுப்பித்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் மறுபடியும் ஓட்டிக்காட்டித் தேர்வாக வேண்டும். உங்களுக்கு மீதி இருப்பது இரண்டே மாதம். ‘பரிவாகன்’ இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். 40 வயதைத் தாண்டியவர் என்பதால், படிவம் 1-ஏ-யில் டாக்டர் சான்று வேண்டும். புரோக்கருக்குப் பணம் கொடுக்காதீர்கள். புது லைசென்ஸ் கைக்கு வரும்வரை டிராக்டரை ரோட்டில் ஏற்றவே வேண்டாம். பிடிபட்டால் 5,000 ரூபாய் அபராதம்.

பேட்ஜ் விஷயத்தில் கவலை வேண்டாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகு ரக வாகன லைசென்ஸ் உள்ளவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்துள்ளது. சில முதலாளிகள் பழைய பழக்கத்தில் இன்னும் கேட்பார்கள். தீர்ப்பை எடுத்துச் சொல்லுங்கள்.

கையோடு டிராக்டர் இன்சூரன்ஸ் தாளையும் எடுத்துப் பாருங்கள். டிரெய்லரும் அதில் சேர்ந்திருக்கிறதா?