மாத்திரை எட்டாத பெண்கள்

மலாவி ஏரிக்கரையில் துணி துவைப்பதும் தண்ணீர் மொள்வதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. நத்தைகளிலிருந்து வெளிவரும் சிஸ்டோசோமா புழுக்கள், முழங்கால் தண்ணீரில் நிற்பவர்களின் தோலைத் துளைத்து உட்புகுகின்றன. புழுவின் முட்டைகள் பிறப்புறுப்பில் தங்கிப் புண்ணை உண்டாக்குகின்றன. அதைப் பால்வினை நோய் என்று எண்ணி, பாதிக்கப்பட்ட பெண்ணையே பழிப்பது பெருங்கொடுமை.

உயரத்தைக் கோலால் அளந்து இப்புழுவை ஒழிக்கும் பிராசிகுவான்டல் மாத்திரையைத் தரும் முகாம்கள் நெடுங்காலமாகப் பள்ளிகளையே நம்பியுள்ளன. படிப்பை விட்ட சிறுமியும் அவள் தாயும் விடுபடுகிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2002இலேயே சொன்னது. பல நாடுகள் தயங்கின. முதல் மூன்று மாதம் கடந்த கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் சேர்க்கும்படி அந்நிறுவனத்தின் 2022 வழிகாட்டி மீண்டும் வலியுறுத்துகிறது. மாத்திரை நீர்த்துறைகளுக்கே போகட்டும். மாத்திரை பெற்ற பெண்களின் கணக்கை முகாம்கள் தனியே எழுதட்டும்.