‘ரத்தத்தில் ஈஸ்ட்’ என்றால் போதாது

ரத்த வளர்ப்புப் பரிசோதனை அறிக்கையில் ‘ஈஸ்ட் வளர்ந்துள்ளது’ என்று எழுதி நிறுத்திக்கொள்ளும் ஆய்வகம், தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் நோயாளியைப் பாதி வழியில் கைவிடுகிறது. அந்த ஈஸ்ட் காண்டிடா ஆரிஸ் என்றால், வழக்கமாகத் தொடங்கும் ஃப்ளூகோனசோல் பெரும்பாலும் பலிக்காது. வேறு மருந்துக்கு மாறுவதற்குள் காலம் கடந்துவிடும்.

2009இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்த மாதிரியில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட பூஞ்சை இது. மரபணுக்களை ஒப்பிட்டபோது, தெற்காசியா, கிழக்காசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா என வட்டாரத்துக்கொரு கிளையாக, ஏறத்தாழ ஒரே காலத்தில் தலையெடுத்திருப்பது தெரிந்தது. கிழக்காசியக் கிளை பெரும்பாலும் காதோடு நின்றுவிடுகிறது, மருந்துக்கும் கட்டுப்படுகிறது. நம் வட்டாரத்துக் கிளை அப்படியல்ல. ரத்தத்தில் இறங்கும், ஃப்ளூகோனசோலை எதிர்க்கும், பல சமயம் ஆம்போடெரிசினுக்கும் அடங்காது.

உலக நாடுகள் 2016இல்தான் எச்சரிக்கை மணி அடித்தன. ஆனால் 2011-12இல் நம் நாட்டின் 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் திரட்டிய மாதிரிகளைப் பிற்பாடு ஆராய்ந்தபோது, 19 பிரிவுகளில் இது அப்போதே குடியேறியிருந்தது தெரியவந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் இதை மிக ஆபத்தான பூஞ்சைகளின் வரிசையில் சேர்த்தது.

இதைக் கண்டறிவதும் எளிதல்ல. ரத்த வளர்ப்பு, உடலுக்குள் பரவிய காண்டிடா தொற்றில் சுமார் பாதியைத் தவறவிடுகிறது. பீட்டா குளுக்கன் பரிசோதனை பூஞ்சை இருப்பதைக் காட்டும். எந்தப் பூஞ்சை என்று சொல்லாது. பழைய தரவுத்தொகுப்போடு ஓடும் தானியங்கிக் கருவிகள் ஆரிஸை அதன் உறவுக்கார இனமாகக் காட்டி ஏமாற்றியிருக்கின்றன. மால்டி-டாஃப் கருவி, புதுப்பித்த தரவுத்தொகுப்பு இருந்தால், சரியாகப் பிரித்தறியும். அது எல்லா மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும் வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்தக் கருவி உள்ள ஆய்வகத்துக்கு மாதிரி அன்றே போய்ச்சேர ஏற்பாடு இருக்க வேண்டும்.

இனத்தின் பெயர் தெரிவது சிகிச்சைக்கு மட்டுமல்ல, பரவலைத் தடுக்கவும் வேண்டும். பிரிட்டனின் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மருத்துவமனையில் ஆரிஸ் தொற்று பரவக் காரணம், அக்குளில் வைத்துப் பலருக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய வெப்பமானி. கட்டில் கம்பி, பி.பி. பட்டை எதிலும் இந்தப் பூஞ்சை வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே பெயர் தெரிந்த அன்றே நோயாளியைத் தனிமைப்படுத்தி, குளோரின் கலந்த கிருமிநாசினியால் படுக்கையைத் துடைக்க வேண்டும்.

ரத்தத்தில் வளரும் ஒவ்வொரு காண்டிடாவுக்கும் இனப்பெயரையும் எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதையும் அறிக்கையில் எழுதுவதை மாநில அரசுகள் கட்டாயமாக்க வேண்டும். அந்த உத்தரவு தனியார் மருத்துவமனைகளுக்கும் சேர்த்தே இருக்க வேண்டும். ஆரிஸுக்குப் பெரும்பாலும் பலிக்கும் எக்கினோகேண்டின் ஊசி மருந்து, ஏழை நோயாளிக்காக அரசு மருத்துவமனைக் கிடங்கில் தயாராக இருக்க வேண்டும்.