தொண்டர் போன பின்பு கிராமத்தில் என்ன மிஞ்சும்?



நம்மில் பலருக்கு வன்னியில் உறவு உண்டு. 1958, 1977 வன்செயல்களில் அடிபட்டு ஓடியவர்களும், 1970களின் பஞ்சத்தில் லயத்தை விட்டு வெளியேறியவர்களும் காடு வெட்டிக் குடியேறிய மண் அது. கிளிநொச்சியின் மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற கிராமங்களில் இன்றும் நம் அத்தைமாரும் சித்தப்பாமாரும் வாழ்கிறார்கள். அந்தக் கிராமங்களுக்கு வெளிநாட்டுத் தொண்டர்கள் வருகிறார்கள். நம் தோட்டங்களுக்கும் வருகிறார்கள். அவர்களை எப்படி வரவேற்பது, அவர்களிடம் எதைக் கேட்பது என்பதில் நமக்கு ஒரு தெளிவு வேண்டும்.

அண்மையில் உறவினர் வீட்டுக் கலியாணத்துக்காக கிளிநொச்சிப் பக்கம் போயிருந்தோம். ஒழுங்கை முடிவில் வர்ணம் பூசிய ஒரு சின்னக் கட்டடம் பூட்டிக் கிடந்தது. பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்க வெளிநாட்டுப் பிள்ளைகள் இருவர் வந்து கட்டியதாம். நல்ல பிள்ளைகள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் மூன்று மாதத்தில் ஊருக்குப் போய்விட்டார்கள். அடுத்து யார் படிப்பிப்பது, சாவி யாரிடம் இருப்பது என்று எவரும் பேசி வைக்கவில்லை. பெயர்ப்பலகையும் பூட்டும்தான் மிஞ்சியிருந்தன.

அந்த இருவரிலும் நாம் குறை காணவில்லை. தெரியாத ஊரில் போய் இருப்பது லேசான காரியம் அல்ல. கிணற்றில் வாளி போட்டுக் குளிக்கப் பழக வேண்டும். ஆவணி வெயிலில் அந்தக் கிணறும் அடி காணும். மாரி பிறந்தால் பாதை சேறாகும். இரவில் யானை வரும், பற்றைக்குள் புடையன் கிடக்கும். ஒரு வீட்டில் 'வாங்க' என்பார்கள், அடுத்த வீட்டில் 'வாங்கோ' என்பார்கள். இரண்டையும் விளங்கிக்கொள்ள வேண்டும். இதெல்லாம் நம் ஆட்களும் பட்ட பாடுதான். குளிரில் கொழுந்து பறித்த கை, காய்ந்த மண்ணில் மண்வெட்டி பிடித்தது. மலேரியாக் காய்ச்சலில் எத்தனையோ பேரைப் பறிகொடுத்தார்கள். அத்தோடு 'தோட்டக்காட்டான்' என்ற ஏச்சையும் கேட்டார்கள். ஆகவே புதிதாய் வருகிறவருக்கு அந்த ஊரில் இருக்கப் பழக்கித் தரக்கூடியவர்கள் நம் கிழவிகள்தான். வருகிறவர் முதலில் அவர்களிடம் படிக்க வேண்டும், பிறகுதான் படிப்பிக்க வேண்டும்.

அப்படித் தங்கியவர்களும் இருந்தார்கள். வைத்தியர் இராஜசுந்தரமும் அவரது மனைவி வைத்தியர் சாந்தியும் இங்கிலாந்து வாழ்க்கையை விட்டு வவுனியாவுக்கு வந்தார்கள். கட்டடக் கலைஞர் டேவிட் ஐயா வெளிநாடுகளில் பார்த்த உத்தியோகத்தை விட்டுத் திரும்பினார். 1970களின் பிற்பகுதியில் காந்தீயம் என்ற அமைப்பின் மூலம், 1977இல் அகதியாக வந்த நம் குடும்பங்களை வன்னி எல்லையில் குடியேற்றினார்கள். நெடுங்கேணிப் பக்கத்துக் கென்ற் பண்ணை, டொலர் பண்ணை அப்படிக் குடியேற்றப்பட்ட இடங்கள். வெளிநாட்டு உதவிப் பணம் அவர்களுக்கும் வந்தது. ஆனால் பாலர் பாடசாலையை நடத்தியது அவர்கள் பயிற்றுவித்த உள்ளூர்ப் பெண் பிள்ளைகள். அதுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரியது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். ஜூலை 27ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் ஐயா உயிர் தப்பினார். பல வருடங்கள் இந்தியாவில் இருந்துவிட்டு, 2015இல் கிளிநொச்சியில் காலமானார். 1984இல் அந்தப் பண்ணைகளிலிருந்து நம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். தொண்டு எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், காலுக்குக் கீழே உள்ள காணி நம்முடையது என்று எழுத்தில் இல்லாவிட்டால் ஒரே நாளில் எல்லாம் போய்விடும் என்பதை அன்று கண்டோம்.

2008 செப்டெம்பரில் வன்னி இன்னொன்றையும் கண்டது. உதவி நிறுவனங்கள் வெளியேற வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவிட்டது. கிளிநொச்சியில் ஐக்கிய நாடுகள் அலுவலக வாசலில் சனங்கள் கூடி, எங்களை விட்டுப் போகாதீர்கள் என்று கெஞ்சினார்கள். ஆனாலும் வாகனங்கள் போய்விட்டன. பலர் மனம் உடைந்துதான் போனார்கள் என்பதை நாம் நம்புகிறோம். ஆனால் போவதற்கு அவர்களுக்கு ஒரு நாடு இருந்தது. ஊர்ச் சனம் குண்டு மழைக்குள் இருந்தது.

அதற்காகத் தொண்டர்களே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வருகிறவரை மரியாதையாக வரவேற்போம். உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு மூன்று கேள்விகளைக் கேட்போம். உங்களை அழைத்தது யார், கிராமத்துச் சங்கமா அல்லது கொழும்பிலுள்ள அலுவலகமா? எவ்வளவு காலம் இருப்பீர்கள்? நீங்கள் போன பிறகு இந்த வேலையைச் செய்யப்போகும் நம் பிள்ளை யார், அந்தப் பிள்ளைக்குச் சம்பளம் யார் கொடுப்பது? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத திட்டத்துக்குக் கட்டடம் தேவையில்லை. நம் தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்கு வருகிறவர்களிடமும் தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கமும் இதையே கேட்க வேண்டும்.

தொண்டர்களிடம் கேட்கக் கூடாததும் ஒன்று உண்டு. வன்னியில் நம் மக்களில் பலர் இருப்பது வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டுக் காணிகளில். இரணைமடு நிறைந்தாலும் அவர்களுக்கு வயல் இல்லை. மற்றவர் வயலில் கூலிக்குத்தான் இறங்குகிறார்கள். பரம்பரையாய் இருந்தும் காணி உறுதி இல்லாத குடும்பங்கள் உண்டு. உறுதியும் தண்ணீரும் அரசாங்கம் தர வேண்டிய உரிமை. அதைத் தொண்டர் கொண்டுவந்து தர மாட்டார், தரவும் முடியாது. 1948இல் பறித்த பிரஜாவுரிமையை நாம் திரும்பப் பெற்றது யாருடைய இரக்கத்தாலும் அல்ல, நீண்ட போராட்டத்தால்தான்.

லயத்தில் இருக்கும் நாம் சொந்தக் காணியும் வீடும் கேட்டுப் போராடுகிறோம். வன்னியில் இருப்பவர்கள் கேட்பதும் அதேதான். அவர்களுடைய கோரிக்கையையும் நம் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் ஒவ்வொரு தோட்டமும் இதைப் பற்றிப் பேசி, தீர்மானம் எடுத்து அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.