குமிழும் கையும்

பாரிசிலிருந்து கிழக்கே ரேன்ஸ் நகருக்கும், அங்கிருந்து திராட்சைச் சரிவுகளினூடே ஓவிலே, எபெர்னே ஆகிய ஊர்களுக்கும் நண்பர்கள் நால்வர் காரில் சென்று திரும்பினோம். பயணக்கட்டுரை எழுதும் எண்ணம் இருந்தது. எழுத அமர்ந்தபோதுதான், எங்கள் குறிப்பேட்டில் இருந்தவை யாவும் விளம்பரத் துண்டறிக்கையில் இருந்தவையே என்பது உறைத்தது. ஆகவே இது பயணக்கட்டுரை அன்று. அவ்வகைக் கட்டுரைகளின் மீதான குற்றச்சாட்டு என்று கொள்க. குற்றவாளிகளில் நாங்களும் அடக்கம்.

ஓவிலே தேவாலயத்தில் தோம் பெரினியோனின் கல்லறை இருக்கிறது. ஷாம்பேனைக் கண்டுபிடித்தவர் இத்துறவியே என்று போகுமிடமெல்லாம் சொல்கிறார்கள். அவர் அம்மடத்தின் நிலவறைப் பொறுப்பை ஏற்றது 1668இல். மதுவில் சர்க்கரை சேர்த்துக் குமிழ் எழச் செய்யும் முறையை இலண்டன் ராயல் சொசைட்டியில் கிறிஸ்டோபர் மெரட் விவரித்ததோ 1662இல். துறவியைக் கண்டுபிடிப்பாளராக்கிய கதை 19ஆம் நூற்றாண்டில் பரவியது. கதை இனியது, அதில் வியர்வை இல்லை. அதுவே அதன் பயன்.

நாங்கள் சென்றது அறுவடை முடிந்த அக்டோபரில். இலைகள் மஞ்சளித்திருந்தன, தோட்டங்களில் ஒருவரும் இல்லை. ஒரு புட்டிக்கு ஏறத்தாழ 1.2 கிலோ திராட்சை வேண்டும். அத்தனையையும் பறிக்க ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேரளவில் வந்து, சில வாரங்களில் போய்விடுகிறார்கள். நிலவறையின் ஈரத்தையும் சுண்ணப்பாறையின் வெண்மையையும் வியந்த எங்களுக்கு அவர்களைப் பற்றிக் கேட்கத் தோன்றவே இல்லை.

திரும்பிய பின்னரே தேடிப் படித்தோம். 2023 செப்டம்பரில், கடும் வெயிலடித்த அறுவடையின்போது, குறைந்தது நான்கு தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அதே மாதம், பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த, ஆவணங்களற்ற 50க்கும் மேற்பட்டோர் மனிதர் வாழத் தகாத ஒரு விடுதியில் அடைபட்டிருந்ததைத் தொழிலாளர் ஆய்வாளர்கள் கண்டனர். 2025 ஜூலையில் ஷாலோன் நகர நீதிமன்றம் மூவருக்கு ஆட்கடத்தல் குற்றத்துக்காகத் தண்டனை விதித்தது.

சிலர் செய்த குற்றத்துக்காக ஒரு பிரதேசத்தையே பழிக்கலாமா என்று எங்கள் நால்வரில் ஒருவரே கேட்டார். நியாயமான கேள்வி. கூலியும் உறைவிடமும் ஒழுங்காகத் தரும் தோட்டக்காரர்கள் அங்கே பலர் உண்டு, ஐயமில்லை. ஆனால் ஷாம்பேன் என்னும் பெயருக்குரிய விதிமுறை எவற்றையெல்லாம் அளக்கிறது என்று பாருங்கள். எந்த நிலம், எந்தத் திராட்சை, 4000 கிலோவைப் பிழிந்தால் 2550 லிட்டருக்கு மேல் எடுக்கலாகாது, புட்டி குறைந்தது 15 மாதம் முதிர வேண்டும். இயந்திரம் கூடாது, கையாலேயே பறிக்க வேண்டும் என்பதும் விதி. கையைக் கட்டாயமாக்கிய விதி, கைக்குரியவர் எங்கே உறங்கினார், என்ன உண்டார் என்று கேட்கவில்லை. தொழிலாளரை வதைத்துப் பறித்த திராட்சைக்கு ஷாம்பேன் என்ற பெயர் தரலாகாது என்று சி.ஜி.டி. தொழிற்சங்கம் கோரியது. அதைவிட எளிய நியாயம் வேறில்லை என்பது எம் கருத்து.

அப்பெயரின் வரலாறும் இதையே சொல்கிறது. 1911இல், வெளியூர்த் திராட்சையை மலிவாக வாங்கி ஷாம்பேனாக்கி விற்ற வணிகர்களுக்கு எதிராக மார்ன் பள்ளத்தாக்கு விவசாயிகள் கிளர்ந்தெழுந்தனர். ஆயி என்னும் ஊரில் மது வணிகர்களின் கட்டடங்கள் எரிந்தன, இராணுவம் வந்தது. அப்பெயருக்கு இன்றுள்ள பாதுகாப்பின் பின்னணியில் உழைத்தவர்களின் அந்தச் சினமும் இருக்கிறது. அடுத்த தலைமுறை உழைப்பாளியை அப்பெயருக்கு வெளியே நிறுத்துவது எந்த அறம்?

குடிக்காதீர் என்று நாம் சொல்ல வரவில்லை. நாங்களும் குடித்தோம், நன்றாகவே இருந்தது. அயல்நாட்டுப் பயணம் எழுதும் அன்பர்களிடம் எம் வேண்டுகோள் ஒன்றே. வழிகாட்டி சொன்னதை எழுதுங்கள். அத்தோடு, பறித்தவர்கள் யார், எங்கே தங்கினார்கள் என்றும் அவரிடம் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்பதை, மௌனமானாலும், எழுதுங்கள். நாங்கள் கேட்கத் தவறிய கேள்வி அது.