ஸ்டெப்னி மாற்றத் தெரியாத டிப்ளமோ

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று பெரியவர்கள் சொல்லும்போதெல்லாம் வேறு யாரையோ சொல்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். என்னைத்தான் என்பது போன பொங்கல் விடுமுறையில் தெரிந்தது.

என் அப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்த அன்று அப்பா சொன்னது ஒன்றுதான்: “நீயாச்சும் கையில கிரீஸ் படாம பொழைச்சுக்கடா.”

விடுமுறையில் ஒருநாள் அவரோடு காரில் போனேன். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் முன் டயர் பஞ்சர். “நீங்க இருங்கப்பா, நான் மெக்கானிக்கல்!” என்று இறங்கினேன். ஜாக்கியை வைத்து வண்டியைத் தூக்கினேன். பிறகு நட்டைக் கழற்றப் போனால், ஸ்பேனரோடு சேர்ந்து சக்கரமும் சுற்றுகிறது!

அப்பா சிரிக்கவில்லை. “இறக்குடா. சக்கரம் தரையில இருக்கும்போதே நட்டை லேசா லூஸ் பண்ணிக்கணும். அப்புறம்தான் தூக்கணும்” என்றார். அப்போதுதான் கவனித்தேன், ஹேண்ட்பிரேக் போட்டது போதாதென்று பின் சக்கரத்துக்கு அவர் கல் வைத்திருந்தார். “இது எதுக்குப்பா?” என்று கேட்டேன். இடது கையைக் காட்டினார். சுண்டுவிரல் பாதிதான் இருக்கும். ஏதோ மெஷினில் போனது என்று இத்தனை நாளாக நினைத்திருந்தேன். “லாரியில கிளீனரா இருந்தப்ப கல்லு வைக்காம தூக்கிட்டேன். வண்டி நகர்ந்து ஜாக்கி சாஞ்சிருச்சு. எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

தோழர்களே, ஸ்க்ரூ ஜாக்கை டிராயிங் ஷீட்டில் வரைந்து நல்ல மார்க் வாங்கியவன் நான். அதன் திறன் 50 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் பளு தானாக இறங்காது என்று பரீட்சையில் எழுதியவன். இறங்காது, வாஸ்தவம்தான். ஆனால் சாயுமே! அதை எந்த ஷீட்டிலும் நான் வரையவில்லை.

அப்படியென்றால் படிப்பு வீணா? இல்லவே இல்லை. ஸ்டெப்னியை மாட்டும்போது அப்பா எதிரெதிர் நட்டாக முடுக்கினார். ஏன் என்றால், “எங்க உஸ்தாத் அப்படித்தான் செய்வாரு” என்றார். ஒரே பக்கமாக முடுக்கினால் சக்கரம் சாய்வாக உட்காரும், ஓட ஓட நட்டு தளரும் என்று நான் விளக்கினேன். கடைசியில் ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதிக்கப் போனார். “வேணாம்பா, அளவுக்கு மேல முடுக்கினா போல்ட் இழுபட்டு மரை போயிடும்” என்றேன். நின்றுவிட்டார். இப்போதெல்லாம் ஏறி மிதிப்பதில்லை.

அப்பாவிடம் கை இருந்தது, காரணம் இல்லை. என்னிடம் காரணம் இருந்தது, கை இல்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டாமா?

‘ஸ்டெப்னி’ என்பது ஒரு தெருவின் பெயர். 1904-ல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில், ஸ்டெப்னி தெருவில் தொழில் செய்த டேவிஸ் சகோதரர்கள் உபரிச் சக்கரத்தை உருவாக்கினார்கள். அதற்கு முன் வழியில் டயர் போனால் அங்கேயே உட்கார்ந்து ஒட்ட வேண்டியதுதான். நூறு வருஷத்துக்கு மேலாக வண்டிக்குள்ளேயே கிடக்கும் அந்தச் சக்கரத்தை மாற்றத் தெரியாமல் நடுரோட்டில் நிற்பது நியாயமா?

“போன் போட்டா ஆள் வருவான்” என்பார்கள் சிலர். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, வண்டியில் குழந்தைகளோடு இருக்கும்போது எப்போது வருவான்? “டியூப்லெஸ் வந்தாச்சு. காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னியே தேவையில்லை என்று 2020-ல் விதியே மாறியாச்சே” என்பார்கள் வேறு சிலர். அந்த கிட் ஆணி குத்திய ஓட்டையை அடைக்கும். டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தால் என்ன செய்யும்?

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒரு சனிக்கிழமை, ஒர்க்‌ஷாப்பில் ஒரு பழைய கார். எல்லாத் துறை மாணவ மாணவியரும் ஆளுக்கொரு தடவை சக்கரம் மாற்ற வேண்டும். சமதரையில் நிறுத்து, ஹேண்ட்பிரேக் போடு, கல் வை, நட்டை லூஸ் பண்ணு, பிறகு தூக்கு, வண்டிக்கு அடியில் கை கால் நீட்டாதே. பத்து நிமிஷப் பாடம்! நாளை கம்பெனியில் நாலு பேரைப் பளு தூக்கச் சொல்லப் போகிறவர்கள் நாம்தான். கல் வைக்கச் சொல்ல நமக்கே தெரியாவிட்டால், யாருடைய விரல் போகும்?

கிரீஸ் படட்டும் அப்பா. அது சோப்புப் போட்டால் போய்விடும். விரல் திரும்பி வராது.

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை