பைகளுக்குக் காவல் யார்?

மகாகவி பாரதியாரின் பாப்பாப் பாட்டைப் பாடாமல் தமிழ்நாட்டில் எந்தப் பிள்ளையும் பள்ளிப் படி ஏறியிருக்க முடியாது. பாப்பாவை ஓடச் சொல்லித்தான் அந்தப் பாட்டே தொடங்குகிறது. நல்லது, ஆனால் ஓட இயலாத பாப்பா என்ன செய்வாள்? பந்து வரும் திசை தெரியாத பாப்பா, விசில் ஒலி கேளாத பாப்பா, ஆட்டத்தின் விதியை ஒருமுறை சொன்னால் பிடிபடாத பாப்பா, இவர்களெல்லாம் எங்கே போவார்கள்?

எங்கே போகிறார்கள் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். மர நிழலுக்குப் போகிறார்கள். விளையாட்டுப் பாடவேளைக்கு மணி அடித்தால் மற்றவர்களின் பைகள், தண்ணீர்ப் புட்டிகள், மூக்குக் கண்ணாடிகள் எல்லாம் அவர்கள் மடியில் வந்து சேரும். "நீ பார்த்துக்கொள்ளம்மா" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். சற்றுப் பெரிய வகுப்பானால் மதிப்பெண் குறிக்கும் நோட்டுப் புத்தகம் கையில் கிடைக்கும். அதைப் பெரிய பதவி உயர்வாகப் பலர் எண்ணுகிறார்கள்! எங்கள் வகுப்பில் ஊன்றுகோலுடன் நடக்கும் தோழி ஒருத்தி இருக்கிறாள். முன்பு வேறொரு பள்ளியில் ஐந்து ஆண்டுகள் இந்தக் காவல் வேலையைச் செய்துவிட்டு வந்தவள். அவள் ஒரு நாள் எங்களிடம் சொன்னாள்: "எனக்கு ஜெயிக்க வேண்டும் என்றெல்லாம் ஆசை இல்லை. ஒரு தடவையாவது 'அவுட்' ஆகிப் பார்க்க வேண்டும்." இந்தக் கட்டுரையை எழுதும் எண்ணம் அன்றுதான் எங்களுக்குப் பிறந்தது.

பள்ளியின் பழைய ஆண்டு மலர்களைப் புரட்டினால் இத்தகைய தோழியரை 'ஊனமுற்றோர்' என்றே எழுதியிருப்பதைக் காணலாம். இன்று 'மாற்றுத்திறனாளி' என்கிறோம். சொல் மாறியது நன்று. ஆனால் ஆட்டத்தின் விதி மட்டும் மாறவில்லையே! சொல்லை மாற்ற ஒரு பேனா போதும். விதியை மாற்ற நாற்பது பேர் மனம் வைக்க வேண்டும்.

விதியை மாற்றினால் ஆட்டம் கெட்டுவிடாதா என்று கேட்பவர்களுக்குப் பல்லாங்குழியைக் காட்டுகிறோம். வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்தாக எழுபது முத்துகள். இந்த ஆட்டத்துக்குக் கண் வேண்டும் என்று எவர் சொன்னார்? விரல் போதும். பார்வையில்லாத பிள்ளையும் ஆட நாங்கள் சேர்த்த புதிய விதிகள் இரண்டே இரண்டு. எடுக்கும் முத்துகளின் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆடும் முன் எல்லாக் குழிகளையும் தடவிப் பார்க்க எவருக்கும் உரிமை உண்டு. மழை பெய்து மைதானம் சேறாகிப் போன ஒரு நாளில், பார்வையில்லாத எங்கள் தோழி எங்களில் நால்வரை அடுத்தடுத்துத் தோற்கடித்தாள். நாங்கள் குழியை எட்டிப் பார்த்துக் குத்துமதிப்பாகக் கணக்கிடுவோம். அவளோ முத்து விழும் ஓசையைக் கேட்டே எந்தக் குழியில் எத்தனை என்று நினைவில் வைத்திருப்பாள். நான்கு சேர்ந்து 'பசு' ஆகும் நேரத்தை நாங்கள் தவறவிட்டாலும் அவள் தவறவிடமாட்டாள். அன்று எவரும் அவளுக்காக விட்டுக்கொடுக்கவில்லை என்பதைப் பெருமையோடு இங்கே எழுதுகிறோம். வேண்டுமென்றே தோற்றுக் கொடுப்பதைவிடப் பெரிய அவமதிப்பு வேறு இல்லை என்பது எங்கள் கருத்து.

கிச்சுக் கிச்சுத் தாம்பாளமும் அப்படித்தான். மணலை நீளமாகக் குவித்து, அதற்குள் சிறு குச்சியை ஒளித்து வைத்து, எதிராளி கைகோத்து மூடும் ஆட்டம். உட்கார்ந்தே ஆடலாம். சக்கர நாற்காலியில் இருப்பவளுக்குத் தரையில் அமர்வது கடினமென்றால், ஒரு தட்டில் மணலை நிரப்பி மேசைமேல் வைத்தால் தீர்ந்தது. மூளை முடக்குவாதத்தால் விரல் நடுங்கும் பிள்ளைக்கும் இரு உள்ளங்கைகளைச் சேர்த்து வைப்பதில் பெருஞ்சிரமம் இராது. நம் பாட்டிமார் எந்தச் சிறப்புப் பயிற்சியும் பெறாமலே இப்படிப்பட்ட ஆட்டங்களைத் திண்ணையில் வைத்திருந்தார்கள். நாம்தான் திண்ணையை இடித்துவிட்டோம்.

ஓடியாடும் ஆட்டத்துக்கும் வழி உண்டு. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்தவர்களுக்காக 1946ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் 'கோல்பால்' என்னும் ஆட்டம் உருவாயிற்று. பந்துக்குள் மணிகள் இருக்கும். பக்கத்துக்கு மூவர் ஆடுவர். எல்லார் கண்களும் கட்டப்பட்டிருக்கும். இதுதான் அதன் அழகு. பார்வை ஓரளவு உள்ளவருக்கும் அறவே இல்லாதவருக்கும் அந்த ஒரு துணி சமநீதி வழங்கிவிடுகிறது. ஆட்டம் நடக்கும்போது பார்வையாளர் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் மணியோசை கேட்காது. (எங்கள் வகுப்பு இவ்விதியைக் காப்பாற்றுமா என்று எங்கள் ஆசிரியைக்குச் சந்தேகம் உண்டு.) 1976இல் டொராண்டோவில் நடந்த பாராலிம்பிக் போட்டியிலேயே இது இடம்பெற்றுவிட்டது. நமக்குப் பெரிய செலவு ஏதும் வேண்டியதில்லை. துணிப்பந்துக்குள் நான்கு சலங்கை மணிகளை வைத்துத் தைத்தால் போதும்.

காது கேளாத தங்கைகளை நாற்காலி ஆட்டத்தில் சேர்க்க வேண்டுமா? இசைத்தட்டை நிறுத்திவிட்டுச் சிவப்புக் கைக்குட்டையைத் தூக்குங்கள். கைக்குட்டை மேலே இருக்கும்வரை சுற்றலாம். இறங்கினால் உட்கார வேண்டும். கண்ணும் கருத்துமாய் இருப்பவள் பிழைப்பாள். பக்கத்திலிருப்பவளோடு கதை பேசுபவள்தான் முதலில் வெளியேறுவாள்.

ஒரே ஆட்டம் எல்லாருக்கும் பொருந்திவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளை ஒருத்திக்கு மணியோசை இன்பமாக இருக்கலாம். மற்றொருத்திக்கு அதுவே காதைத் துளைக்கலாம். சிலருக்கு ஆட்டம் எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று முன்கூட்டியே கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினால் மனம் அமைதிப்படும். அவளையே கேட்க வேண்டும். அவளால் சொல்ல இயலாவிட்டால் அவள் தாயாரைக் கேட்க வேண்டும். சிறப்பாசிரியையைக் கேட்க வேண்டும். கேட்காமல் நாமே முடிவு செய்வதால்தான் மர நிழல் எப்போதும் நிரம்பி வழிகிறது.

"இவர்களுக்காக விளையாடிக்கொண்டிருந்தால் எங்கள் பெண்ணின் படிப்பு என்னாவது?" என்று பெற்றோர் சிலர் கேட்பது எங்கள் செவிக்கும் எட்டுகிறது. அவர்களுக்கு மரியா மாண்டிசோரி அம்மையாரின் வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறோம். அவர் மருத்துவர். அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு உரோமை நகரில் 1900ஆம் ஆண்டை ஒட்டிக் கற்பித்தவர். இட்டார்டு, செகின் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவரின் வழியைப் பின்பற்றி, தொட்டும் தடவியும் அடுக்கியும் விளையாடியே கற்கும் பொருள்களை அவர் அப்பிள்ளைகளிடம் பயன்படுத்தினார். அதில் கண்ட பயனைக் கொண்டுதான் 1907இல் அதே நகரில் மற்றப் பிள்ளைகளுக்கென்று 'குழந்தைகள் இல்லம்' தொடங்கினார். பின்னர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கிப் பிள்ளைகளோடு பணி செய்தார். 1946இல்தான் ஐரோப்பா திரும்பினார். இன்று மழலையர் வகுப்புகளில் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவி 'அ' கற்கிறார்களே நம் தங்கையர், அந்தக் கல்வி முறையின் வேர் எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பித்தவர் கண்டறிந்தது எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன்பட்டது. யாருடைய படிப்பும் கெடவில்லை.

மறுபுறம், இத்தோழியரின் பெற்றோருக்கும் ஓர் அச்சம் உண்டு. "விழுந்தால் யார் பொறுப்பு?" என்கிறார்கள். இந்தக் கேள்வியை நாங்கள் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வலிப்பு நோயோ இதய நோயோ உள்ள பிள்ளைக்கு மருத்துவர் சொல்லும் எல்லையை உடற்கல்வி ஆசிரியை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். அதைத் தாண்டக் கூடாது. ஆனால் முழங்காலில் ஒரு தழும்பாவது இல்லாத மாணவி எங்கள் வகுப்பில் ஒருத்தியும் இல்லை. அந்தத் தழும்பைத் தேடிக்கொள்ளும் உரிமையும் அவர்களுக்கு உண்டல்லவா?

நாங்கள் பத்தாம் வகுப்பு. எங்களுக்கு எதைப் பார்த்தாலும் பொதுத் தேர்வுதான் நினைவுக்கு வரும். அந்தத் தேர்விலேயே எழுத இயலாத மாணவிக்குச் சொல்வதை எழுதுபவர் வருகிறார். கூடுதலாக ஒரு மணி நேரம் தருகிறார்கள். தேர்வின் தரம் தாழ்ந்துவிட்டது என்று எவரும் வழக்குத் தொடுக்கவில்லை. வாழ்க்கையையே தீர்மானிப்பதாக நாம் நடுங்கும் தேர்வில் விதியை வளைக்கலாம், அரை மணி நேர எறிபந்தில் வளைக்கக் கூடாதென்றால் இது என்ன நியாயம்? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், வேறுபாடின்றிப் பள்ளியில் சேர்த்துக் கல்வி தருவதோடு, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் பிறருக்குச் சமமான வாய்ப்புத் தர வேண்டும் என்றுதான் கூறுகிறது. ஆக, நாங்கள் கேட்பது சலுகை என்று எவரும் நினைக்க வேண்டாம்.

இனி எங்கள் வேண்டுகோள். விளையாட்டு விழாக்களில் 'சிறப்புப் போட்டி' என்று ஒன்றை வெயில் ஏறிய பிறகு நடத்தி, கலந்துகொண்ட அனைவருக்கும் ஒரே மாதிரி டிபன் டப்பாவைப் பரிசளித்து அனுப்பும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. கைதட்டல் பலமாகவே இருக்கும். ஆனால் அந்தப் போட்டிக்கு அணிப் புள்ளி கிடையாது. புள்ளி இல்லாத போட்டியில் எந்த அணித் தலைவியும் அக்கறை காட்டமாட்டாள். இது எங்களுக்கு அனுபவத்தில் தெரியும். ஆகையால் மதிப்பிற்குரிய தலைமைச் சகோதரி அவர்களிடம் நாங்கள் பணிவோடு கேட்பது இதுதான்: அடுத்த விளையாட்டு விழாவில் மணிப்பந்தும் பல்லாங்குழியும் நான்கு அணிகளுக்கும் புள்ளி உள்ள போட்டிகளாக அமையட்டும். மணிப்பந்தில் எல்லாரும் கண்களைக் கட்டிக்கொண்டு ஆடட்டும். ஒவ்வோர் அணியிலும் இத்தோழியரில் ஒருவராவது கட்டாயம் இருக்கட்டும். பிறகு பாருங்கள், அணித் தலைவியர் அவர்களைத் தேடி வீடுவரை போவார்கள்.

மணிப்பந்து ஆறு தேவை. தையல் வகுப்பில் ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் தைத்துத் தருவதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்; துணியும் சலங்கையும் நாங்கள் வாங்கித் தருகிறோம். பல்லாங்குழிப் பலகைதான் இரண்டுக்குமேல் கிடைக்கவில்லை. இதைப் படிக்கும் பெற்றோர் வீட்டுப் பரண்மேல் பாட்டி காலத்துப் பலகை ஏதும் கிடந்தால், பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாமல் உங்கள் மகளிடம் கொடுத்தனுப்புங்கள். சோழி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. புளியங்கொட்டை எங்களிடம் நிறைய இருக்கிறது.