சங்கப் பொறுப்புக்கும் ஒரு முறை வேண்டும்

கோவையின் போத்தனூர், குறிச்சி, வெள்ளலூர் வட்டாரத்து மக்களுக்குக் குடியிருப்போர் சங்கம் எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 600 ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கும் வெள்ளலூர்க் குப்பைக் கிடங்கின் புகையையும் நாற்றத்தையும் எதிர்த்து, அவர்கள் ஒன்றுகூடித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றார்கள். கோவையின் பல மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கென ஒதுக்கிய ரிசர்வ் சைட்டுகள் இன்றும் பொது இடமாக நீடிப்பதற்கு, சங்கங்கள் பழைய லே-அவுட் வரைபடத்தைத் தேடி எடுத்து வழக்கு நடத்தியதே காரணம். தனி ஆளின் மனுவைக் கிடப்பில் போடுவது எளிது. தீர்மானமும் பதிவு எண்ணும் தாங்கிய மனுவை அப்படித் தள்ளிவிட முடியாது. இவ்வளவு தெரிந்திருந்தும், ஆண்டுப் பொதுக்குழுவில் செயலாளர், பொருளாளர் பொறுப்புக்குப் பெயர் கேட்டால் பல சங்கங்களில் அமைதிதான் நிலவுகிறது. ஓய்வுபெற்ற இரண்டு மூன்று பேரே ஆண்டுக்கணக்கில் சுமக்கிறார்கள். ஒருநாள் அவர்கள் தளரும்போது சங்கமும் படுத்துவிடுகிறது.

தொண்டு மனப்பான்மை குறைந்துவிட்டது என்று வருந்துவதால் இது தீராது. பொறுப்பு முறை வைத்துச் சுற்றி வர வேண்டும். கொங்கு உழவர்களுக்கு இது புதிதல்ல. பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தில் நிலங்களை நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறை வைத்தே தண்ணீர் விடுகிறார்கள். தன் முறை வரும் என்று தெரிவதால்தான் கடைமடைக்காரர் காத்திருக்கிறார். சங்கத்திலும் அப்படி ஒரு ஒழுங்கு வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, செயற்குழுவின் பதவிக்காலத்தை மூன்று ஆண்டுக்கு மேல் போகவிடுவதில்லை. ஆனால் அதே ஆட்கள் மீண்டும் வருவதைத் தடுப்பதில்லை. அதைத் துணைவிதியில் நாமே எழுதிக்கொள்ளலாம். இரண்டாண்டுப் பதவி, ஆண்டுதோறும் பாதிப் பேர் விலகல், தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் யாருக்கும் இல்லை என்று வைத்தால், பழையவரிடம் புதியவர் வேலை கற்பார். பதவி ஒருவரின் சொத்தாகவும் ஆகாது.

நேரம் எங்கே இருக்கிறது என்பது முதல் தடை. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடுகளில் அது உண்மையான சிரமம். ஆனால் எல்லா வேலையும் செயலாளர் தலையில் விழுவதால்தான் அந்தப் பதவி அச்சுறுத்துகிறது. தண்ணீருக்கு ஒருவர், குப்பைக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர் என்று பிரித்தால், வாரத்தில் சில மணி நேரமே போதும். சம்பளத்துக்கு மேலாளரை வைத்தால் போதாதா என்பார்கள். மோட்டாரையும் லிஃப்டையும் அவர் பார்த்துக்கொள்வார். ஆனால் மெயின்டனன்ஸ் பணத்தை எதற்கு முதலில் செலவிடுவது என்பதை வீட்டுக்காரர்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். உழைத்தால் பழிச்சொல்தான் மிஞ்சும் என்ற அச்சமும் நியாயமானதே. அதற்கு மருந்து, மாதந்தோறும் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது. மூடி வைத்த கணக்கில்தான் சந்தேகம் வளர்கிறது.

வரி கட்டுகிறோம், மாநகராட்சி செய்யட்டும் என்பது எல்லாவற்றிலும் வலுவான வாதம். மாநகராட்சியின் கடமையைச் சங்கம் தன் தோளில் ஏற்கக் கூடாது என்பதில் ஐயமில்லை. ஆனால் கடமையைக் கேட்டுப் பெறுவதற்கும் ஆள் வேண்டும். 2022 நவம்பர் 1 அன்று தமிழக நகரங்களில், மக்கள் தங்கள் பகுதியின் குறைகளை எடுத்துச் சொல்லும் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. அத்தகைய கூட்டத்தில், எந்தத் தெருவில் சாக்கடை அடைத்தது, எத்தனை நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் வருகிறது என்று குறிப்போடு எழுந்து பேசும் சங்கத்துக்குக் கவுன்சிலர் பதில் சொல்லியாக வேண்டும். சில வேலைகளை நாமே செய்தும் ஆக வேண்டும். 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை வீட்டிலேயே தரம் பிரிப்பதை உறுதிசெய்யும் பொறுப்பைக் குடியிருப்போர் சங்கங்களுக்கும் கொடுத்தன. வெள்ளலூருக்குக் குப்பை வரக் கூடாது என்று கேட்பவர்கள், தங்கள் வாசலில் பிரித்துக் கொடுத்தால்தான் அந்தக் குரலுக்கு வலு இருக்கும்.

அடுத்த பொதுக்குழுவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் ஒரு முறைக்காவது பெயர் கொடுக்கட்டும். பெண்களும் இளைஞர்களும் முன்வரட்டும். வாடகைக்கு இருப்போரின் குரலுக்கும் துணைவிதியில் இடம் தாருங்கள். தெருவை ஆளத் தெரியாதவர்கள் நகரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.